ரும்பாவுக்குப் பழகிய சிரிப்பு

பெரம்பலூர்க் கடைத்தெருவில் "ஸ்கின் கலர்" என்று சொல்லி எடுத்துப் போடுகிற நெட் துணி யாருடைய தோலின் நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிறிப்போன ரோஸ். என் கையின்மேல் அதை விரித்துக் காட்டி, இது என் தோலாண்ணே என்று கேட்டேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், இதுதாம்மா ஸ்கின் கலரு, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க என்று அடித்துச் சொல்லிவிட்டார். எல்லாரும் வாங்குவது கல்யாண பிளவுஸுக்குக் கை வைக்க. நான் வாங்கியது ரும்பா என்கிற ஜோடி ஆட்டத்துக்கான கவுனுக்கு. முதுகும் இடுப்பின் ஒரு பக்கமும் திறந்திருக்கிற கவுன் அது. வெறும் முதுகோடு என்னால் நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. ஆனால் போட்டி நடுவர்களின் கண்ணுக்கு வெறும் முதுகு மாதிரியே தெரிய வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்து டீத்தூளைக் கொதிக்கவைத்து அந்தத் துணியை அதில் முக்கினேன். முதல் தடவை பழைய வேட்டி நிறத்தில் வந்தது. இன்னும் டீத்தூளை அள்ளிப் போட்டுக் கிண்டிக் கிண்டி, ஒருவழியாக என் நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அடுப்படி முழுக்க டீக்கடை வாசம். என் மாமியார் எட்டிப் பார்த்து, துணியை எதுக்கும்மா சமைக்கிற என்று கேட்டுவிட்டுப் போனார்.

நானும் என் வீட்டுக்காரரும் அரியலூரில் இருக்கிறோம். அவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். நாற்பதை நெருங்குகிற வயதில் நாங்கள் ஜோடியாக வால்ட்ஸ், சாச்சா, ரும்பா என்று வெளிநாட்டு ஆட்டமெல்லாம் ஆடினோம் என்றால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் ஏற்கெனவே வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தது ஆலையின் குடும்ப விழா. புருஷன் பெண்டாட்டிகளை ஜோடி ஜோடியாக ஆடவைக்கப் பெரம்பலூரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்திருந்தார்கள். மாஸ்டர் என்றால் எங்களைவிடச் சின்னவன். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்து, பாலக்கரைப் பக்கம் டிராக்டர் சாமான் கடைக்கு மேல் ஒரு ஹாலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மற்ற ஜோடிகள் வெட்கப்பட்டுச் சிரித்து ஓடிவிட்டார்கள். நாங்கள் ஓடவில்லை. விழா முடிந்ததும் என் வீட்டுக்காரரே அவனிடம் போய், வகுப்புக்கு வரலாமா தம்பி என்று கேட்டார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. காய்கறிக்காரரிடம்கூட வாயைத் திறந்து விலை கேட்காத மனிதர் அவர்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. திருச்சி, தஞ்சாவூர் என்று அலைந்து, மருந்தும் ஊசியுமாக உடம்பை நோகடித்து, ஒருநாள் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அதோடு பேச்சும் நின்றுபோயிற்று. சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பாடு ஆச்சா, ஷிப்ட் எப்போ, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான் வீட்டில் கேட்கிற சத்தம். அவர் என் கையைத் தொட்டே பல காலம் ஆகியிருந்தது. அந்த ஹாலில் மட்டும் அவர் என் கையைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு கையை என் தோள்பட்டைக்குக் கீழே வைத்தாக வேண்டும். ரும்பா என்றால் என் கண்ணைப் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் நான் போனேன். டான்ஸ் என்றால் உயிரா என்று கேட்டால், இல்லை. அந்த மனிதர் என்னைத் தொடுவதற்கு எனக்கு இந்த உலகத்தில் வேறு இடம் இல்லாமல் போயிற்று.

வாரத்தில் அவருடைய ஷிப்ட் இடம் கொடுக்கிற நாட்களில் பஸ் பிடித்துப் போவோம். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டே பெரம்பலூர் போய், ஹால் பாத்ரூமில் முகம் கழுவி, மூட்டையிலிருந்து ஆடுகிற செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டால் வேறு ஆளாகிவிடுவோம். அந்தச் செருப்புக்கு அடியில் மெத்தென்ற தோல் வைத்திருக்கும். தெருவில் மிதிக்கக் கூடாது. ஆட ஆட அந்தத் தோல் வழவழப்பாகிவிடும். அப்புறம் தரையில் வழுக்கும். அதனால் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடையதையும் சேர்த்து அவர்தான் தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பேப்பரை விரித்து, என் செருப்பைக் கையில் எடுத்து, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறவர் மாதிரி அத்தனை கவனமாகத் தேய்ப்பார். போகிற வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

சென்னையில் ஒரு போட்டி வருகிறது, புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, போகலாம் அக்கா என்று மாஸ்டர் சொன்னதும் தலைவலியும் ஆரம்பித்தது. ஸ்டெப்பை அவன் பெரிதாகச் சொல்லவே இல்லை. நீங்கள் தரையில் கால் வைப்பதற்கு முன்னாடியே நடுவர் உங்களைப் பார்த்து முடித்துவிடுவார் என்பான். எப்படி நடந்து வருகிறீர்கள், எப்படிக் கையைப் பிடித்திருக்கிறீர்கள், எப்படி நிற்கிறீர்கள் என்பதெல்லாம் மார்க். என் வீட்டுக்காரரின் நகத்தை வெட்டச் சொன்னான், இடுக்கில் இருக்கிற சிமெண்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்கச் சொன்னான், மீசையை எடுக்கச் சொன்னான். மீசைக்கு மட்டும் அவர் மசியவில்லை. ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத் தலையைப் பின்னால் இழுத்து வாரி ஜெல் போட்டு ஒட்டவைக்க வேண்டும். ஒரு முடி பறக்கக் கூடாது, பூ கூடாது, தொங்குகிற கம்மல் கூடாது. மேக்கப்புக்கு எனக்குத் தெரிந்த பியூட்டி பார்லர்க்காரியிடம் போய் ஒத்திகை பார்த்தேன். அவளுக்குத் தெரிந்தது கல்யாணப்பெண் மேக்கப். என்னைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கி அனுப்பிவிட்டாள். முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர். மாஸ்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். உங்க கலரே நல்லா இருக்குக்கா, அதை இன்னும் தூக்கலாக் காட்டணும், அழிக்கக் கூடாது என்றான். என் நிறத்தைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொன்னது என் பிறப்பில் அதுதான் முதல் தடவை.

கடைசியாகச் சிரிப்புக்கு வந்தான். என் முகம் ஆடும்போது ரத்தக் குழாய் தேடுகிற முகம் மாதிரி இருக்கிறதாம். பல் தெரியணும்க்கா, கண்ணும் சேர்ந்து சிரிக்கணும், எது நடந்தாலும் அந்தச் சிரிப்பு விழக் கூடாது என்றான். செருப்பு கழன்றாலும் விடுங்க, கம்மல் விழுந்தாலும் விடுங்க, நின்னுட்டா போச்சு என்றான். சிரிப்பு எனக்கு எங்கே வரும்? பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் உதடு தானாக விரியும், கன்னம் ஏறும், கண்ணும் சுருங்கும். அந்தச் சூத்திரத்தைப் பிடித்த பிறகு வேலையிடத்திலும் பழகினேன். ஊசி குத்திக்கொண்டே சிரித்தேன். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், ஏம்மா எனக்கு வலிக்கிறது உனக்கு அவ்வளவு சந்தோஷமா என்று கேட்டார். அப்படிப் பழகிப் பழகி, பாட்டு ஆரம்பித்ததும் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்படி செய்தேன்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரரும் மாறினார். ஷிப்ட் முடிந்து வந்தவர் படுக்காமல் வகுப்புக்குக் கிளம்பி நிற்பார். வருகிற வழியில் எனக்கென்று கொய்யாப்பழம் வாங்கி வருவார். ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எந்தக் காரணமும் இல்லாமல், நல்லா ஆடுற என்றார். அட, இந்த மனிதருக்கும் டான்ஸ் பிடித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? செந்துறைப் பக்கம் அவருடைய சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், பிள்ளை இல்லாததுக்கு ஆடிக்கிட்டுத் திரியுதுங்க என்று ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். மாமியார் நல்ல மனுஷிதான், ஆனால் அதைக் கேட்டு அவருக்கும் அவமானமாகிவிட்டது. மகனை உட்காரவைத்துப் பேசினார். மகன் மாமியாருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். சென்னையில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டால், ஊர் என்ன சொன்னாலும் அவரே பதில் சொல்லிக்கொள்வார், ஆட்டம் தொடரும். தாண்டவில்லையென்றால் அதோடு விட்டுவிடுவது. மாமியார் சரி என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். தோற்றால் அந்தக் கையும் போய்விடும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

அதற்குள் தாலிப் பிரச்சினை முளைத்தது. என் தாலி நீளமான செயினில் இருந்தது. ரும்பாவில் நான் சுழலும்போது அது பறந்து போய் அவர் மூஞ்சியில் அடித்தது. ஒருமுறை சட்டைப் பித்தானில் மாட்டி இரண்டு பேரையும் ஆட்டுக்குட்டிகள் மாதிரிக் கட்டிப்போட்டுவிட்டது. மாஸ்டர் மென்று விழுங்கிக்கொண்டே, ஆடுற நேரம் மட்டும் கழட்டி வைக்கலாமாக்கா என்றான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை. இருக்கிற பேச்சு போதாதென்று தாலியையும் கழற்றிவிட்டு ஆடினாள் என்று வேறு வரவேண்டுமா? செயினிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். மாமியார் அதைப் பக்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். கயிற்றை மடித்து, கவுனின் நெஞ்சுப் பக்கம் உட்புறமாக வைத்து, ஊக்கால் குத்திக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஊக்குக்கா பஞ்சம், தாலியிலேயே ரெண்டு மூணு தொங்கும். செயின் என்றால் வளையத்தில் ஊக்கை மாட்டலாம். கயிறு என்றால் நடுவில்தான் குத்தியாக வேண்டும். ஒத்திகைக்கு ஒத்திகை நான் அதே மடிப்பில் அதே இடத்தில் குத்தினேன். உள்ளே இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மேலே மஞ்சள் பூசி இருந்தது.

சென்னையில் போட்டி நடந்த ஹோட்டல் ஹாலுக்குள் நுழைந்ததுமே ஒரு சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் ரப்பர் மாதிரி வளைந்துகொண்டிருந்தார்கள். கவுனில் வைத்திருந்த கல் எல்லாம் கண்ணைப் பறித்தது. என் கவுனின் கற்களை நானே ஒட்டியிருந்தேன். இரண்டு மூன்று ஏற்கெனவே பஸ்ஸில் உதிர்ந்துவிட்டன. ஆனால் என் வீட்டுக்காரரைக் கறுப்புச் சட்டையில், முதுகில் நம்பர் அட்டையோடு பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து நின்றார். எங்களைக் கூப்பிட்டதும் கையை நீட்டினார். நான் என் கையை வைத்தேன். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே என்னை அரை அடி முன்னால் விட்டு, இதோ பாருங்கள் என் பெண்டாட்டியை என்கிற மாதிரி எல்லாருக்கும் காட்டியபடி நடந்து வந்தார். என் கல்யாணத்தில்கூட அவர் என்னை அப்படிக் கூட்டிக்கொண்டு வரவில்லை. இந்த ஒரு நடைக்காகவே இத்தனை பாடும் படலாம் என்று தோன்றிற்று.

சாச்சா நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால், நடுவர்களில் ஒருத்தர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டதை நானே பார்த்தேன். அடுத்து ரும்பா. பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. அவர் கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கையைத் தூக்கி ஒரு சுழல், திரும்ப அவரிடம். இரண்டாவது சுழலில் நெஞ்சுக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அப்புறம் வயிற்றில் ஊர்ந்து, கால் வழியாக இறங்கித் தரையில் விழுந்தது. டக் என்று ஒரு சின்னச் சத்தம். பாட்டுக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. குனிந்து பார்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது.

நான் நிற்கவில்லை. இதைத்தான் ஊர் இன்றுவரை பேசுகிறது, பேசட்டும். எது விழுந்தாலும் நிற்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நின்றால் முதல் சுற்று போகும். முதல் சுற்று போனால் அவர் போவார். தாலியை ஆட்டம் முடிந்ததும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவரைப் பிறகு எங்கே போய் எடுப்பது? இதையெல்லாம் யோசித்தேனா என்றால் அதுவும் இல்லை. கால் தன்பாட்டுக்குப் போயிற்று. அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு ஆடினார், ஆனால் பிடித்திருந்த கையில் உயிர் இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மற்ற ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர் நடந்து போய்க் குனிந்து அதை எடுத்தார். எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்த வெளிச்சத்தில், கையை நீட்டியபடி, ஜோடி இல்லாமல் நின்றேன்.

எங்கள் நம்பரைக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? மாஸ்டர் அழாத குறை. சாச்சாவில நல்ல மார்க்குக்கா, ரும்பாவ முடிச்சிருந்தா உள்ள போயிருப்பீங்க என்றான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கயிற்றுக்காக என்னை நட்டநடு அரங்கில் விட்டுவிட்டுப் போனாயே பாவி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வாயைத் திறந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

போட்டியைப் பார்க்க வந்திருந்த ஊர்க்காரர் யாரோ மாமியாரிடம் போனிலேயே சொல்லிவிட்டார்கள். போட்டியில் தோற்றதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாலி தரையில் விழுந்தது என்பதற்கு மட்டும் உடைந்துபோய் அழுதார். செட்டிகுளம் மலைக்கோயிலில் வைத்துப் புதுக் கயிற்றில் கோத்து மறுபடி கட்டவேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை. நல்ல வெயில் ஏறுவதற்கு முன்பே படியேறிப் போனோம். குருக்கள் தட்டில் வைத்துக் கொடுத்ததை என் வீட்டுக்காரர் எடுத்து என் கழுத்தில் கட்டினார். முடிச்சுப் போடும்போது அவர் விரல் என் தோலில் படாமல் பார்த்துக்கொண்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மாமியார் பிரகாரத்தில் உட்கார்ந்துவிட, நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இறங்கி வந்தோம். பாதிப் படியில் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். ஒரு கயிறு பெரிதாகப் போய்விட்டதா, அதை எடுக்க ஆட்டம் முடிகிறவரை பொறுக்க முடியவில்லையா, அவ்வளவு சாஸ்திரம் பார்க்கிறவரா நீங்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று பார்த்தது.

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். கோபமாக எல்லாம் பேசவில்லை.

"தாலி விழுந்துச்சேன்னு நான் நிக்கல. கயிறுதான, அறும். அது விழுந்தது உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். உன் கை ஜில்லுனு ஆயிருச்சு. ஆனா மூஞ்சி மட்டும் அப்படியே இருந்துச்சு. அதே சிரிப்பு. கொஞ்சங்கூட மாறல."

அவர் கீழே தெரிந்த கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இத்தினி மாசமா அது என்னப் பாத்துச் சிரிக்கிறதுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். அதுக்குத்தான் வந்துகிட்டு இருந்தேன் நானு."

உங்களைப் பார்த்துத்தாங்க சிரித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சில நாள் அது உண்மையாகக்கூட இருந்திருக்கும். எந்தெந்த நாள் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார், பார்த்தால் நம்பமாட்டார். நான் மீதிப் படிகளை இறங்கினேன்.